வெயில் படாத கண் நீளும்

எங்கள் ஒழுங்கையில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்றுக்குப் போன மாதம் கண்ணாடி போட்டார்கள். கரும்பலகை எழுத்து கலங்கித் தெரிகிறதாம். "எந்நேரமும் போன்தான், கண் கெடாமல் என்ன செய்யும்?" என்று தாய் ஏசிக்கொண்டிருந்தார். போன்மேல் பழி போடுவது லேசு. நான் அந்தப் பிள்ளையின் நாளை எண்ணிப் பார்த்தேன். ஏழரைக்கு வகுப்பறை. ஒன்றரைக்கு வீடு. இரண்டரைக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன், தகரக் கொட்டகைக்குள். அது விட ஐந்தரை தாண்டிவிடும். பிறகு எவ்வளவு நேரத்துக்கு வெளிச்சம்? திருகோணமலையில், கடலுக்கு ஐந்து நிமிட நடையில் வீடு. ஆனால் பிள்ளை பகல் வெளிச்சத்தைக் காண்பது பள்ளிக்கூடம் போய்வரும் வழியில்தான்.

பிறக்கும்போது கண், முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் நீளம். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 24. இடைப்பட்ட ஆண்டுகளில் கண் தன் நீளத்தைத் தானே அளந்து அளந்து வளர்கிறது. வில்லை குவிக்கும் விம்பம் பின்சுவரிலுள்ள விழித்திரையில் சரியாக விழும் இடத்தில் வளர்ச்சி நிற்க வேண்டும். நிற்காமல் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே கிட்டத்தட்ட இரண்டரை டயொப்டர் (கண்ணாடியின் வலுவை அளக்கும் அலகு) கண்ணாடி தேவைப்படும். தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கிட்ட இருப்பது மட்டும் துலங்கும். இதுதான் கிட்டப்பார்வை. நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை.

இந்த வளர்ச்சிக்குப் பிரேக் பிடிப்பதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பலத்த வெளிச்சம் பட்டால் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது கண்ணின் நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். கோழிக்குஞ்சுகளின் கண்ணை மங்கலாக மறைத்து வைத்தால் அது நீண்டுவிடும். பிரகாசமான வெளிச்சத்தில் வளர்த்தால் அந்த நீட்சி குறைகிறது. டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஏற்றிவிட்டால், வெளிச்சம் தந்த காப்பும் போய்விடுகிறது.

எவ்வளவு வெளிச்சம்? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ரியூப்லைற் எரியும் வகுப்பறையில் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண்மணி சுருங்கி விரிந்தும், விழித்திரை தன் உணர்திறனை மாற்றிக்கொண்டும் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுவதால், அறைக்குள்ளும் "நல்ல வெளிச்சம்தானே" என்று தோன்றுகிறது. மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் யாரும் பிள்ளையை வெட்டவெளியில் நிறுத்த வேண்டியதில்லை. சூரியனை நேரே பார்க்கவும் கூடாது. அது வேறு ஆபத்து.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. ஆறு பள்ளிகளில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் வெளியே ஒரு வகுப்புக் கூட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். மாயம் இல்லை, ஆனால் நாங்கள் படித்த காலத்து ஒரு பாடவேளைக்கு இது நல்ல விலை. பெற்றோரின் கண்ணாடிக்கும், நெருங்கிவைத்துப் படிப்பதற்கும் இதில் பங்குண்டு. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வெளிவெளிச்சம் எவ்வளவு உதவும் என்பதில் சான்று பலமாக இல்லை. வருமுன் தடுப்பதில்தான் பலம். போனைப் பறித்துப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அதே அறைக்குள்தான் என்றால் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை.

வெளியே விடுவதில் லாபம் கண்ணுக்கு மட்டுமல்ல. மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. பின்லாந்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் விளையாடும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் சிலவற்றின் முற்றத்தில் காட்டு மண்ணும் புல்தரையும் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாட்களில் பிள்ளைகளின் தோலில் வாழும் பற்றீரியா வகைகள் பெருகின. இரத்தத்திலும், நிர்ப்பீடனம் (உடலின் நோயெதிர்ப்பு) மிகையாகப் பாய்வதை அடக்கிவைக்கும் பக்கம் சாய்வு தெரிந்தது. 2020இல் வந்த ஆய்வு இது, 75 பிள்ளைகள்தான். காவல் நாய்க்குக் கள்ளன் யார், தெரிந்தவர் யார் என்று சின்னதிலேயே பழக்குவதுபோல, நிர்ப்பீடனத்தையும் மண் பழக்குகிறது என்பது எண்ணம். ஆட்களையே காணாமல் வளர்ந்த நாய் தபால்காரரையும் கடிக்கும். அதற்காக நாயும் பூனையும் அசுத்தம் செய்த மண்ணில் வெறுங்காலோடு விடச் சொல்லவில்லை. காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும் கொக்கிப்புழு இன்னும் ஒழிந்துபோகவில்லை.

கவனத்தைப் பற்றிச் சொல்ல, கடற்கரைக்குப் போக வேண்டும். இராவணன் மீசை என்ற முட்புல் தெரியும்தானே, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கும் எங்கள் ஊரில் தெரியாமல் இராது. அதன் காய்ந்த விதைப்பந்து காற்றில் கழன்று, முள்நுனியில் மணலைத் தொட்டும் தொடாமலும் ஓடும். பின்னால் ஓடும் பிள்ளையை யாரும் "கவனி" என்று சொல்ல வேண்டியதில்லை. ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவகைக் கவனத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, வேறு எல்லாவற்றையும் தள்ளிவைத்து வலிந்து செலுத்துவது. கணக்குச் செய்வது அப்படி. அது களைக்கும். மற்றது தானாக ஈர்க்கப்படுவது. அலை, இலையசைவு, வளைக்குள் ஓடும் நண்டு ஆகியவை இந்த இரண்டாவதை எடுத்துக்கொள்ள, முதலாவது ஓய்வெடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. 2009இல் வந்த ஓர் ஆய்வில், கவனக்குறைபாடு உள்ள 17 பிள்ளைகளை ஒருநாள் பூங்காவிலும் இன்னொரு நாள் நகரத் தெருவிலும் 20 நிமிடம் நடத்தினார்கள். பிறகு எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பூங்காவுக்குப் பின் நன்றாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வு, ஆனால் ஒரே பிள்ளையை இரு இடத்திலும் வைத்துப் பார்த்தது. மரம் நிறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்கு மனநோய் குறைவு என்று காட்டும் பெரிய கணக்கெடுப்புகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மரம் நிறைந்த இடத்தில் வீடு வாங்குபவர்களிடம் பெரும்பாலும் காசும் இருக்கும்.

அந்த ரியூசன் கொட்டகைக்கு வெளியே ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. மூன்று மணிக்கு அதன் நிழல் பிள்ளைகள் எல்லோரையும் கொள்ளும். வாய்ப்பாடு கேட்பதற்குக் கரும்பலகை தேவையில்லை.