உப்பு, தண்ணீர், கொஞ்சம் கரண்ட்

கொரோனா சமயத்தில் தொண்டு நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் ஒரு சின்னக் கருவியைப் பயன்படுத்தினார்களாமே, உப்புத் தண்ணீரில் போட்டு கரண்ட் கொடுத்தால் கிருமிநாசினி வருமாமே, நம்பலாமா, இல்லை இதுவும் வாட்ஸ்அப் விஞ்ஞானமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாக நம்பலாம். பள்ளியில் படித்த மின்னாற்பகுப்புதான். ஆனால் பள்ளியில் சொல்லாமல் தாண்டிப்போன ஒரு அழகான விஷயம் அதற்குள் இருக்கிறது. இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டதே அதைச் சொல்லத்தான்.

முதலில் தேவை என்ன என்று பார்த்துவிடுவோம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது. கையைக் கழுவுங்கள் என்று ஊரெல்லாம் விளம்பரம். அந்த ஆண்டு சுமார் 230 கோடிப் பேருக்கு வீட்டில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்த கைகழுவும் வசதி இல்லை என்பது அதே நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட கணக்கு. வீட்டை விடுங்கள், சுகாதார நிலையங்களிலேயே நான்கில் ஒன்றுக்கு அப்போது அடிப்படைத் தண்ணீர் வசதி கிடையாது. பிரசவம் பார்க்கிற இடத்தில் கை கழுவத் தண்ணீர் இல்லை என்றால் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். தொண்டு நிறுவனங்கள் வாளிகளுக்குக் குழாய் பொருத்தின. கேனைக் கம்பில் தொங்கவிட்டு, காலால் கயிற்றை மிதித்தால் தண்ணீர் சரிகிற டிப்பி டேப் கட்டிக் காட்டின. அது ஜிம்பாப்வேயிலிருந்து பரவிய பழைய யோசனை. கைக்குத் தண்ணீர் வரும், குழாயைத் தொட வேண்டாம்.

சோப்புக்கு ஒரு வழி உண்டு. ஆனால் தரை, மேஜை, கட்டில், கருவிகள், குடிநீர் எல்லாவற்றுக்கும் குளோரின் வேண்டும். அங்கேதான் சிக்கல். கடையில் விற்கிற ப்ளீச்சில் பெரும்பகுதி தண்ணீர். அதை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு அனுப்புவது தண்ணீரைக் கப்பலில் ஏற்றுகிற வேலை. போதாக்குறைக்கு வெயிலிலும் வெக்கையிலும் அதன் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். ப்ளீச்சிங் பவுடரும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போது 33 சதவீதம் குளோரின் என்றால், ஈரம் பட்ட மூட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எல்லைகள் மூடி, கப்பல்கள் தாமதமான நேரத்தில் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு இது எப்போது வந்து சேரும்? உப்பு மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இந்த வகைக் கருவிகள் பல உண்டு. நான் எடுத்துக்கொள்வது ஜெனீவாவைச் சேர்ந்த அன்டென்னா அறக்கட்டளையின் வாட்டா. கொரோனாவுக்கு முன்பே வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பைக் கரைக்க வேண்டும். அதில் டைட்டானியத் தகடுகள் கொண்ட கருவியை இறக்கி, மின்சாரமோ சூரியத் தகடோ கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் நுரைத்துக்கொண்டு குமிழ் வரும், நீச்சல்குள வாடை அடிக்கும். கடைசியில் லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் செயல்திறன் உள்ள குளோரின் கொண்ட கரைசல் கிடைக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எதிர்மின்வாயில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழாகப் போகிறது, காரம் மிஞ்சுகிறது. அது எல்லாருக்கும் தெரிந்தது. நேர்மின்வாயில்தான் கதை. அங்கே எலக்ட்ரானைக் கொடுக்க இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள்: தண்ணீர், குளோரைடு அயனி. தண்ணீர் கொடுத்தால் ஆக்சிஜன் வரும், குளோரைடு கொடுத்தால் குளோரின் வரும். வேதியியல் புத்தகத்து மின்னழுத்த அட்டவணையைப் புரட்டினால் ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட் போதும், குளோரினுக்கு 1.36 வோல்ட் வேண்டும். கணக்குப்படி தண்ணீர்தான் முதலில் பிரிய வேண்டும். குளோரினே வரக்கூடாது! ஆனால் வருகிறது.

ஏனென்றால் அட்டவணை சொல்வது எது சுலபம் என்பதை மட்டும்தான். எது வேகம் என்பதை அல்ல. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் பையைத் துழாவி அட்டை, சில்லறை, டின், சாக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்பவர் கையில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் நான்கு எலக்ட்ரான்களை விட வேண்டும், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான நான்கு பிணைப்புகள் உடைய வேண்டும், பிறகு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்று சேர வேண்டும். படிப்படியாக நடக்கிற, இடையில் தடுமாறுகிற வேலை. குளோரைடுக்கோ அந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கு ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டு இரண்டு பேர் ஜோடி சேர்ந்தால் முடிந்தது. அதனால் 0.13 வோல்ட் பின்தங்கி நிற்கிற குளோரின் முந்திக்கொள்கிறது. உப்பு குறைவாக இருந்தால் தகட்டின் அருகே குளோரைடு போதாமல் ஆக்சிஜனுக்கு மறுபடி வாய்ப்பு வந்துவிடும். அந்த 25 கிராம் சும்மா வைத்த அளவு இல்லை.

தகட்டின் பூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடைப் பூசுவார்கள். 1960களில் ஹென்றி பீர் கண்டுபிடித்தது. அது குளோரின் உருவாக வசதி செய்து கொடுக்கும், தானும் கரையாது.

தூத்துக்குடிப் பக்கம் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா தயாரிப்பதும் இதே உப்பு, இதே மின்னாற்பகுப்புதான். தொழிற்சாலையில் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். குளோரின் வாயு ஒரு பக்கம், காரம் மறுபக்கம். இந்தச் சின்னக் கருவியில் தடுப்பு கிடையாது. தொட்டால் கையைப் பொசுக்குகிற காரமும், மூச்சில் போனால் ஆளைக் கொல்கிற வாயுவும் ஒரே பாத்திரத்தில் சந்தித்து ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச், ஆகிவிடுகின்றன. தடுப்பை எடுத்ததுதான் இதன் பொறியியல். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் கிருமியைக் கொல்வது. ஹைப்போகுளோரைட் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: மின்சுமை உள்ள அயனி, மின்சுமை இல்லாத ஹைப்போகுளோரஸ் அமிலம். பாக்டீரியாவின் வெளிப்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது, அயனியை விரட்டும். அமிலமோ சின்னதாக, சுமையில்லாமல் இருப்பதால் உள்ளே நுழைந்து புரதங்களைக் குலைத்துவிடும். பிஎச் 7.5 வாக்கில் இரண்டும் பாதிப் பாதி. அதற்குக் கீழே போகப்போக அமிலம் கூடும், மேலே போனால் குறையும். வேலை முடிந்ததும் அது மறுபடியும் குளோரைடாக, அதாவது பழைய உப்பாகவே ஆகிவிடுகிறது. நம் ரத்தத்தில் இருக்கிற நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள்கூட, விழுங்கிய கிருமியைக் கொல்ல உடம்பில் உள்ள குளோரைடிலிருந்து இதே அமிலத்தைத்தான் தயாரிக்கின்றன.

கருவியில் கிடைத்த கரைசல் 0.6 சதவீதம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதம்; கொரோனா காலத்தில் தரை, மேஜை துடைக்க உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. சோப்பு இல்லாத இடத்தில் கை கழுவ 0.05 சதவீதம். இது கடைசி வழிதான், தினமும் கழுவினால் தோல் வெடிக்கலாம். 2014-ல் எபோலா வந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவில் வாசலுக்கு வாசல் இந்தக் குளோரின் வாளிகள் இருந்தன; 2020-ல் கைகழுவும் வாளிகள் திரும்பி வந்தன. குடிநீர் என்றால் ஒரு லிட்டர் கரைசல் 4,000 லிட்டருக்குப் போதும். போட்டு அரைமணி கழித்துச் சோதிப்பார்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரு டிபிடி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் ரோஸ் நிறம் வரும். வெளிறிய ரோஸ் என்றால் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்கிறது, அடர்ந்தால் கூடுதல். நிறமே வரவில்லை என்றால் தண்ணீரில் இருந்த அழுக்கே குளோரினைத் தின்று தீர்த்துவிட்டது, இன்னும் ஊற்ற வேண்டும்.

இந்த "அழுக்கு தின்றுவிடும்" என்கிற விஷயம் புரிந்திருந்தால் 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில், நடந்துபோகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கிற கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்திருக்க மாட்டோம். சட்டை, வியர்வை, எண்ணெய் எல்லாவற்றிலும் வினைபுரிந்தே குளோரின் வீணாகும். நுரையீரலில் இருக்கிற வைரஸை அது எட்டிக்கூடப் பார்க்காது. அதே மாதம் சுகாதாரத்துறையே நிறுத்தச் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களை உட்காரவைத்து அவர்கள் மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். பொலிவியாவில் குளோரின் டைஆக்சைடு என்ற வெளுப்பு ரசாயனத்தை வாங்கிக் குடிக்க வரிசையே நின்றது. வேப்பிலை கட்டுவதையாவது மன்னித்துவிடலாம், யாருக்கும் கண் எரியாது.

கொரோனா பெரும்பாலும் காற்றில் பரவியது, மேஜையில் அல்ல. அப்படியானால் இந்தக் கருவிகள் வீணா? இல்லை. அந்த நேரத்திலும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, பிரசவமும் நிற்கவில்லை. 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமரும் சகாக்களும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குடிநீரைச் சுத்திகரித்தால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும் என்று வந்தது. ஒரு புது மருந்து இதைச் செய்திருந்தால் பங்குச் சந்தையே ஆடியிருக்கும். உப்புக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் ஆராய்ச்சிப் பணமும் வருவதில்லை. பெருந்தொற்று வந்தால் நன்கொடை குவிகிறது, போனதும் வறண்டுவிடுகிறது. பழுதான தகட்டை மாற்ற அடுத்த ஆண்டு யார் காசு கொடுப்பது? என்னைக் கேட்டால், புதுக் கருவிக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியைப் பழைய கருவியைப் பராமரிக்கக் கொடுக்க வேண்டும்.

வாசகர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: வீட்டில் இரண்டு ஸ்டீல் கரண்டியை வைத்துச் செய்து பார்க்கலாமா? வேண்டாம். குளோரின் வருவதற்குள் கரண்டியே கரைய ஆரம்பிக்கும். துருவோடு சேர்ந்து, ஸ்டீலில் உள்ள குரோமியமும் தண்ணீரில் இறங்கும், அதில் நச்சு வடிவமும் உண்டு. மூடிய அறையில் ஹைட்ரஜன் சேர்வது இன்னொரு ஆபத்து. கருவி வைத்திருப்பவர்களும் சன்னலைத் திறந்துவைத்துத்தான் ஓட்டுகிறார்கள். தகட்டில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்து எடுத்து, நன்றாகத் தண்ணீரில் அலசிவிட்டே அடுத்த உப்புக் கரைசலில் இறக்குகிறார்கள். அமிலம் ஒட்டிக்கொண்டிருந்தால் ப்ளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பிவிடும்.