ஆமென் சொல்லாதவர்களிடமும் பேசத் தெரிய வேண்டும்

டெக்சாஸில், டாலஸை ஒட்டிய புறநகர் ஒன்றில், வீட்டிலேயே படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் மேடைப் பேச்சும் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ளவர்கள். இது பள்ளிக்கூடம் இல்லை. பல குடும்பங்கள் சேர்ந்து, ஒரு சபைக் கட்டடத்தில் வாரம் ஒரு நாள் நடத்தும் கூட்டு வகுப்பு. இங்கே ‘கோ-ஆப்’ என்பார்கள். மற்ற நாட்களில் அம்மாதான் ஆசிரியர், சில வீடுகளில் அப்பா.

இப்போதெல்லாம் இங்குள்ள தமிழ்ச் சபைகளில் இருந்தும் பெற்றோர் விசாரிக்கிறார்கள். “ஸ்கூல்ல இருந்து நிறுத்திடலாம்னு இருக்கோம். கணக்கு, சயின்ஸ் நாங்க பார்த்துக்குவோம். இங்கிலீஷ் பிரச்சினை இல்லையே, பையன் நல்லாத்தான் பேசுறான்?” என்று. நிறுத்துவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு முடிவு, அதில் நான் புகவில்லை. ஆனால் ‘இங்கிலீஷ் பிரச்சினை இல்லை’ என்கிற இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதலில் சட்டம். டெக்சாஸ் ரொம்பத் தளர்வான மாநிலம். 1994-ல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் ஒழுங்கான பாடத்திட்டத்தோடு நடத்தினால் போதும். அரசுத் தேர்வு கிடையாது, யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. பென்சில்வேனியாவில் கதை வேறு. அங்கே உயர்நிலை வகுப்பின் ஆங்கிலப் பாடத்தில் மொழி, இலக்கியம், பேச்சு, கட்டுரை நான்கும் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆண்டு முடிவில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையின் வேலைகளைப் பார்த்துச் சான்று தர வேண்டும். டெக்சாஸில் ஒரு பிள்ளை பதினெட்டு வயது வரை எழுதிய எதையும் வெளியாள் ஒருவர்கூட வாசிக்காமல் போகலாம். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளையின் எழுத்தில் மட்டும் அது தெரியும்.

இந்தப் பிள்ளைகளைக் குறைவாக எடை போட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகம் வாசித்தவர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் ஆங்கிலம் காதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சொல்வளம் அபாரம், என்ன, சில சொற்களைக் கண்ணால் மட்டுமே பார்த்திருப்பார்கள். ‘எபிட்டமி’ (epitome) என்பதை ‘எபிடோம்’ என்று வாசிப்பார்கள். அதைக் கேட்டு நான் சிரிப்பதில்லை, யாரும் சொல்லாமல் தானாகப் புத்தகம் எடுத்துப் படித்த பிள்ளை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மரண தண்டனை தேவையா என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், முதல் பத்தியில் ஆதியாகமம் 9-ம் அதிகாரம் வரும், இரண்டாவதில் ரோமர் 13 வரும், மூன்றாவதில் ‘ஆகவே’ வந்து முடிந்துவிடும். “இதை வாசிக்கிறவர் வேதாகமத்தை ஏற்காதவராக இருந்தால்?” என்று கேட்டேன். மாணவி கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவங்களுக்காக ஜெபிக்கலாம்” என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுவரை அவள் எழுதியதை வாசித்தவர் அம்மா, பேசியதைக் கேட்டவர்கள் சபையார். இரண்டு பேருமே பாதி வாக்கியத்திலேயே தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டுகிறவருக்கு ஆதாரம் எதற்கு, விளக்கம் எதற்கு? மற்ற பிழைகளெல்லாம் இந்தப் பழக்கத்தில் இருந்துதான் கிளைக்கின்றன.

வசனத்தை எடுத்துவிடு என்று நான் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே அம்மாவிடமிருந்து போன் வரும், வருவதில் நியாயமும் உண்டு. அதற்குப் பதிலாக அப்போஸ்தலர் 17-ஐத் திறக்கச் சொல்வேன். யூதர்களின் ஜெப ஆலயத்தில் பவுல் வேதவாக்கியங்களை எடுத்துப் பேசுகிறார். அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நிற்கும்போது, அவர்கள் ஊரில் பார்த்த ஒரு பலிபீடத்தில் இருந்து பேச்சைத் தொடங்கி, “உங்கள் புலவர்களிலும் சிலர்” என்று கிரேக்கக் கவிஞர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். நியாயப்பிரமாணத்திலிருந்தோ தீர்க்கதரிசிகளிடமிருந்தோ ஒரு மேற்கோள்கூட அந்தப் பேச்சில் இல்லை. கேட்கிறவர் யாரோ அவரிடம் இருக்கும் சாமானை வைத்துத்தான் வீடு கட்ட முடியும். பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும், ஏனென்றால் அது அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான அதிகாரம்.

அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். தேதி 1963 ஏப்ரல் 16. ஆண்டுதோறும் இதற்கு மட்டும் பல வாரம் ஒதுக்குகிறேன். என்னை ஒரே ஒரு பாடம் நடத்த விட்டால் இதைத்தான் நடத்துவேன். கிங்கின் போராட்டத்தை ‘விவேகமற்றது, காலப்பொருத்தமற்றது’ என்று கண்டித்து அறிக்கை விட்ட எட்டு வெள்ளையின மதத் தலைவர்களுக்கு அது பதில். அவர்களில் ஆயர்கள், போதகர்களோடு ஒரு யூத ராபியும் உண்டு. தன்னைச் சாடியவர்களை அவர் “அன்பான சக ஊழியர்களே” என்ற தொனியில் விளித்து, அவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார்.

நாங்கள் அந்தக் கடிதத்தை இரண்டு நிறப் பேனாவோடு வாசிப்போம். எதிராளியின் குற்றச்சாட்டு ஒரு நிறம், கிங்கின் பதில் இன்னொரு நிறம். ‘வெளியூர்க்காரர் ஏன் இங்கே வந்து குழப்புகிறார்?’ என்பது குற்றச்சாட்டு. தர்சு பட்டணத்தை விட்டுப் புறப்பட்ட பவுலைக் காட்டிப் பதில் சொல்கிறார், ஏனென்றால் கேட்பவர்கள் போதகர்கள். அநியாயச் சட்டம் என்றால் என்ன என்று விளக்க அகஸ்டினையும் தாமஸ் அக்வினாஸையும் அழைக்கிறார், கூடவே யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பியூபரையும். கடிதம் போகும் முகவரிகளில் ஒரு ராபி இருக்கிறார் என்று சொன்னதும் வகுப்பில் ஒரு பையன் “ஓ!” என்பான். எனக்கு அந்த ‘ஓ’ போதும்.

‘ஏன் பொறுத்திருக்கக் கூடாது?’ என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் முந்நூறு சொற்களுக்கும் மேல் நீளும் ஒரே வாக்கியம். கொடுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு, அரைப்புள்ளி அரைப்புள்ளியாக நீண்டு, முடிவு வராமல் நம்மை இழுத்தடிக்கும். காத்திருப்பது என்றால் என்ன என்பதை வாசிக்கிறவரையே காக்க வைத்துக் காட்டிவிடுகிறார். அரைப்புள்ளியை எங்கே போட வேண்டும் என்ற இலக்கணத்தை அந்த வாக்கியத்தை வைத்தே முடித்துவிடுவேன். தனியாகப் பயிற்சித்தாள் கிடையாது.

இதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு விதி வந்துவிடும். எதிர்த்தரப்பைப் பற்றிய பத்தியை, அந்தத் தரப்புக்காரரே வாசித்து ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அதுவரை மதிப்பெண் கிடையாது.

இலக்கியத் தேர்வில் சண்டை வராமல் இருக்காது. ‘மக்பெத்’தில் சூனியக்காரிகள் வருகிறார்களே என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பேயோடு சகவாசம் வைத்தவன் கதி என்னவாகிறது என்று கடைசி அங்கத்தைப் பாருங்கள் என்பேன். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். சரியாகாத வீட்டுக்கு வேறு நாடகம் கொடுப்பேன். சண்டை போட்டு ஜெயிக்க வேண்டிய இடம் அது இல்லை.

இனி பேச்சு. கிறிஸ்தவ வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கென்றே என்.சி.எஃப்.சி.ஏ., ஸ்டோவா என்று பேர்பெற்ற இரண்டு போட்டி அமைப்புகள் அமெரிக்காவில் உண்டு. விவாதம், மனப்பாடப் பேச்சு, இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு எழுந்து பேசும் திடீர்ப் பேச்சு என்று பல பிரிவுகள். நல்ல பயிற்சிக்களம், முடிந்தால் சேர்த்துவிடுங்கள். நடுவர்களில் பலர் அங்கே வந்திருக்கும் பெற்றோரும் ஊர்க்காரர்களும்தான். அவர்கள் கைப்பட எழுதித் தரும் கருத்துத்தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள், கோப்பையைவிட அது உதவும்.

ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நினைவாற்றல் பிரமாதம். பத்து நிமிடப் பேச்சை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள், அதே இராகத்தில். நம் சபைப் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அப்படித்தான். நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் முகம் வெளுத்துவிடும். திடீர்ப் பேச்சிலோ அமெரிக்கச் சபைகளின் ஜெபப் பழக்கம் எட்டிப் பார்க்கும்: “ஜஸ்ட்… வி ஜஸ்ட்…” என்று மூச்சுக்கு மூச்சு ஒரு ‘ஜஸ்ட்’. அதனால் என் வகுப்பில் பாதிப் பேச்சுக்குக் குறிப்பட்டை மட்டும்தான் அனுமதி. முழு வாக்கியம் எழுதிய அட்டையை வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஆனால் இதெல்லாம் இன்னும் வீட்டுக்குள்ளேயே நடக்கும் பேச்சுதான், நடுவர்களும் அநேகமாக ஒரே நம்பிக்கைக்காரர்கள். அதனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நகர மன்றக் கூட்டத்துக்கு அனுப்புகிறேன். 2019-ல் வந்த டெக்சாஸ் சட்டப்படி, நிகழ்ச்சிநிரலில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் பொதுமக்கள் பேச நகர மன்றம் இடம் தர வேண்டும். பெரும்பாலும் மூன்று நிமிடம் கிடைக்கும். நூலக நேரம், பூங்கா, நடைபாதை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பிள்ளை யார் என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் நன்றி சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். பயந்து நடுங்கிப் போகிற பிள்ளைகள்தான் திரும்பி வந்து, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்கிறார்கள்.

மதிப்பெண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் சான்றிதழை இங்கே பெற்றோரே தயாரிக்கலாம், கல்லூரிகளும் ஏற்கின்றன. ஆனால் அம்மா போட்ட ‘ஏ’ பக்கத்தில் வெளியாள் போட்ட ஒரு மதிப்பெண்ணாவது இருப்பது நல்லது. பதினொன்றாம் வகுப்பில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு ஒன்றைப் படிக்க வையுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் கட்டுரைப் பகுதியை 2021-ல் பொதுவாக நிறுத்திவிட்டார்கள், அதனால் அந்த மதிப்பெண் எழுத்துக்கு அத்தாட்சி ஆகாது.

கடைசியாக, பெற்றோர் அதிகம் கவனிக்காத ஒன்று. வாய் திறந்தால் வழக்கறிஞர் மாதிரிப் பேசும் பிள்ளை, தாளில் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறது. சத்தமாக வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது. வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர். பல நேரம் அது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு. அம்மா வாசித்துக் காட்டியும் ஒலிப்புத்தகம் போட்டும் பாடம் நடப்பதால் அறிவு வளர்ந்துவிடும், வாசிப்புக் குறை வெளியே தெரியாது. திக்குவாயும் அப்படித்தான்: எல்லாரோடும் சேர்ந்து வசனம் சொல்லும்போது திக்காத பிள்ளை, தனியாக எழுந்து தன் பெயரைச் சொல்லத் திணறும். பள்ளியில் என்றால் யாராவது ஒரு ஆசிரியர் கண்டுபிடித்திருப்பார். இங்கே பதினைந்து வயதில் என்னிடம் வரும்போதுதான் தெரிகிறது. இன்னும் நிறைய வாசிக்க வைத்தால் டிஸ்லெக்சியா தீராது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

மாவட்டப் பள்ளி அலுவலகத்தை அணுகினால் பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கச் சொல்வார்கள் என்று பல வீடுகளில் பயம். மத்திய அரசின் சிறப்புக் கல்விச் சட்டப்படி, இப்படிப்பட்ட குறை இருக்கலாம் என்று தோன்றும் பிள்ளைகளைக் கண்டறிந்து கட்டணமின்றி மதிப்பீடு செய்வது பொதுப்பள்ளி நிர்வாகத்தின் கடமை. வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் அதில் அடக்கம், மதிப்பீட்டுக்காகப் பள்ளியில் சேர வேண்டியதில்லை. அதன்பின் என்ன உதவி கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கோரிக்கையை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுங்கள்: பிள்ளையின் வயது, நீங்கள் கவனித்தவை, கையெழுத்துப் பக்கங்கள் இரண்டு மூன்று. தேதி போட்டு, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.