ஜன்னலோர பெட்டும் கஷாய பாட்டிலும்

போன வாரம் ஓபில ஒரு அம்மா. மார்புல கட்டி, ரெண்டு கீமோ போட்டாச்சு, கட்டி நல்லாவே சுருங்கிட்டு வந்துச்சு, மூணாவது கீமோவுக்கு ஆளக் காணோம். அஞ்சு மாசம் கழிச்சு வர்றாங்க, ரவிக்கைக்குள்ள பழைய வேட்டித் துணிய மடிச்சு வச்சுக்கிட்டு. துணிய எடுத்ததும் ரூம் முழுக்க வாடை. கட்டி தோல உடைச்சிட்டு வெளில வந்திருக்கு. "எங்கம்மா போயிட்டீங்க"ன்னு கேட்டா வீட்டுக்காரர்தான் பதில் சொல்றாரு, "நீங்கதானே மேடம் மூச்சுப் பயிற்சி, பாட்டு, மரம் பாக்குறது எல்லாம் நல்லதுன்னு சொன்னீங்க, அதான் முழுசா இயற்கைக்கே போயிடலாம்னு..."

இந்த வருஷம் இது நாலாவது கேஸ். கோவம் இன்னும் இறங்கல, அந்த சூட்டோடயே டைப் பண்றேன்.

ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். எங்க வார்டுல ஒரு ஜன்னலுக்கு வெளில புங்கமரம் இருக்கு, அந்த ரெண்டு பெட்டுக்கு எப்பவும் அடிதடிதான். வலது கைல ட்ரிப் ஓடுதுன்னு இடது கையால பேப்பர்ல புள்ளி வச்சு சிக்குக் கோலம் போட்ட ஒரு பாட்டி, மூணு மணி நேரத்துல ஒரு தடவ கூட சிஸ்டர கூப்பிடல. இது சும்மா மனசுக்குத் தோணுறதும் இல்ல. 1984லயே ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் அமெரிக்கால பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரோட ரெக்கார்ட எடுத்துப் பாத்தாரு, பாதி பேர் ஜன்னல்ல மரம், மீதி பேர் ஜன்னல்ல செங்கல் சுவர். மரம் பாத்தவங்க சராசரியா முக்கால் நாள் முன்னாடியே வீட்டுக்குப் போனாங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியாத்தான் கேட்டாங்க. சின்ன ஆய்வுதான். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த 46 பேருக்கும் பித்தப்பைய எடுத்தது சர்ஜன். மரம் இல்ல.

துணை வைத்தியம் வேற, மாற்று வைத்தியம் வேறங்க. ட்ரீட்மெண்ட்டோட கூட செய்யறது துணை, அதுக்குப் பதிலா செய்யறது மாற்று. எத்தன தடவ சொன்னாலும் ஏற மாட்டேங்குது. ஊறுகாய் இருந்தா சோறு இறங்கும், சரி, ஊறுகாய மட்டும் ஒரு மாசம் தின்னா என்னாகும்? குமட்டலுக்கு மணிக்கட்டுக்கு மூணு விரல் மேல உள்பக்கமா அழுத்துறது சில பேருக்கு நல்லாவே கேக்குது, அதுவும் ஒண்டான்செட்ரான்ங்கற வாந்தி மாத்திரையோட சேத்துதான். 2018ல அமெரிக்கால வந்த ஒரு ஆய்வுல, ட்ரீட்மெண்ட்டோட கூட இந்த மாதிரி துணை வைத்தியமும் எடுத்தவங்கள்ல 34 சதவீதம் பேர் கீமோவ வேணாம்னு சொல்லியிருக்காங்க, எடுக்காதவங்கள்ல வெறும் 3 சதவீதம். இறப்பும் முதல் கூட்டத்துல ரெண்டு மடங்கு. ஏன்னு பிரிச்சுப் பாத்தா யோகாவோ மூலிகையோ காரணம்னு வரல, கொடுத்த ட்ரீட்மெண்ட்ட தட்டிவிட்டதுதான் காரணம்னு வந்துச்சு. புரியுதா? கூட வந்த விருந்தாளி மேல தப்பில்ல, வீட்டுக்காரன வெளில தள்ளினதுதான் தப்பு.

அதுக்காக வாய்க்குள்ள போறதெல்லாம் விருந்தாளின்னு நினைச்சுடாதீங்க. "இலைதானே மேடம், என்ன பண்ணிடப் போகுது?" ஆடுதீண்டாப்பாளையும் இலைதான், அதுல இருக்குற அரிஸ்டோலோக்கிக் ஆசிட் கிட்னியையும் கெடுக்கும், மூத்திரப் பாதைல கேன்சரையும் கொண்டு வரும். கொரோனா சமயத்துல ஊரே குடிச்ச சீந்தில் கஷாயத்தால லிவர் கெட்டு வந்தவங்கள பத்தி மும்பை டாக்டர்கள் 2021ல எழுதியிருக்காங்க.

இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி நிர்வாகங்கள். ரிசப்ஷன்ல நாலு பிளாஸ்டிக் செடி, சுவர்ல ஒரு அருவி போட்டோ, போர்டுல 'ஹீலிங் கார்டன்'. உள்ள படுத்திருக்கிறவருக்குத் தெரியறது ஏசி அவுட்டோர் யூனிட் மட்டும்தான். ட்ரிப் ஸ்டாண்ட் உருட்டுற மாதிரி சமமான தரை, பிடிச்சு நடக்க கம்பி, நிழல்ல சாய்மானம் வச்ச பெஞ்ச், இவ்வளவுதான் சார் கேக்குறோம்.

நோயாளிங்களுக்கு, வீட்டுல இருக்கறவங்களுக்கு: ரத்தத்துல வெள்ளணு கவுண்ட் கம்மியா இருக்குற நாட்கள்ல தோட்ட வேலை, தொட்டி மண்ணு வேணாம், மண்ணுல இருக்குற பூஞ்சை நேரா நுரையீரலுக்குப் போகும். தூரத்துல உக்காந்து பாருங்க போதும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தா எண்ணெய் போட்டு நீவாதீங்க, உள்ள ரத்தக்கட்டி இருக்கலாம், வந்து காட்டுங்க. பிளேட்லெட் கம்மின்னு சொல்லியிருந்தா மசாஜ் பேச்சே கூடாது. வார்டுல ஊதுபத்தி கொளுத்தாதீங்க, உங்களுக்கு மணம், பக்கத்து பெட்டுக்கு வாந்தி.

அந்த அம்மாவுக்கு ஜன்னலோர பெட்டே குடுத்திருக்கோம். கீமோ மறுபடி ஆரம்பிச்சாச்சு. அவங்களா கேட்டு ஒரு நோட்டும் கலர் பென்சிலும் வாங்கிக்கிட்டாங்க.

கெஞ்சிக் கேக்குறேன், வேற எது எடுத்தாலும் மறைக்காதீங்க. அடுத்த தடவ ஓபிக்கு வரும்போது அந்த பாட்டில், பொடி, உருண்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. திட்ட மாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன், ஆனா எடுத்துட்டு வாங்க.