அவுஸ்திரேலியாவில் வைத்தியர் பதிவைப் புதுப்பித்தல்: ஆண்டுக்கு 50 மணித்தியாலக் கணக்கு

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, போதனா வைத்தியசாலையிலோ மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ சில காலம் வேலை செய்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படும் இளம் வைத்தியர்கள், அங்கே பதிவு பெறும் பரீட்சைகளைப் பற்றி நன்றாகவே விசாரித்து வைத்திருப்பார்கள். கிடைத்த பதிவை எப்படித் தக்கவைப்பது என்பதைப் போய் இறங்கிய பிறகுதான் பலரும் கேட்கத் தொடங்குகிறார்கள். இலங்கை மருத்துவ சபையின் பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அங்கே ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் செலுத்துவதோடு, தொடர்ந்து கற்றதற்கான கணக்கும் வைத்திருக்க வேண்டும்.

இன்று நடைமுறையில் இருக்கும் விதியை அவுஸ்திரேலிய மருத்துவ சபை (Medical Board of Australia) 2023 ஜனவரி 1 முதல் கொண்டுவந்தது. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணித்தியாலங்கள். அதில் 12.5 மணித்தியாலம் கற்றலுக்கு உரியது: விரிவுரை, மாநாடு, மருத்துவ ஆய்விதழ் வாசிப்பு போன்றவை. 25 மணித்தியாலம் ஒருவர் தமது சொந்த வேலையை மீளாய்வு செய்வதற்கும், சிகிச்சையின் விளைவுகளை அளந்து பார்ப்பதற்கும். இவ்விரண்டில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 மணித்தியாலம் இருக்க வேண்டும். மிகுதி 12.5 மணித்தியாலத்தை எந்த வகையிலும் நிரப்பலாம். ஆண்டுத் திட்டம் ஒன்றையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் முக்கியமானது நடுவில் உள்ள அந்த 25 மணித்தியாலம்தான். தொடர்கல்வி என்றதும் மண்டபத்தில் உட்கார்ந்து உரை கேட்டுச் சான்றிதழ் வாங்குவதே நினைவுக்கு வருகிறது. அத்தகைய சான்றிதழ்களை எத்தனை அடுக்கினாலும் இந்தப் பாதியை நிரப்ப முடியாது. நான் இந்த விதியை மதிப்பதும் அதனால்தான். நீரிழிவு பற்றி நல்ல உரையொன்றைக் கேட்ட வைத்தியரின் கிளினிக்கில், நோயாளர்களின் கால்களை உண்மையில் யாராவது பரிசோதிக்கிறார்களா? இதற்கு விடை உரையில் கிடைக்காது, கிளினிக் கோப்புகளில்தான் கிடைக்கும். கடந்த சில மாதக் கோப்புகளை எடுத்து, எத்தனை பேருக்குக் கால் பரிசோதனை பதியப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். குறை தெரிந்தால் நடைமுறையை மாற்றி, சில மாதங்களின் பின் மீண்டும் எண்ணுங்கள். விளைவை அளப்பது என்று விதி கேட்பது இதைத்தான். சக வைத்தியர் ஒருவருடன் சிக்கலான நோயாளர் விபரங்களைப் பேசி ஆராய்வது, நோயாளரிடமும் தாதியரிடமும் கருத்துக் கேட்டு அதை வைத்துத் தம்மை மதிப்பிடுவது ஆகியன மீளாய்வில் சேரும். வாட்டில் நடக்கும் மரண மீளாய்வுக் கூட்டத்தில் இருந்து பழகியவர்களுக்கு இவை புதியனவல்ல. செய்ததை எழுதிப் பதிய வேண்டும் என்பது மட்டுமே அவுஸ்திரேலியாவில் கூடுதல் வேலை.

பதிவதற்கு ஓர் அமைப்பில் சேர வேண்டும். அதை அங்கே 'சிபிடி ஹோம்' என்பார்கள்; சிபிடி (CPD) என்பது தொடர் தொழில்சார் விருத்தியைக் குறிக்கும். பொது வைத்தியர்களின் றோயல் கல்லூரி போன்ற துறைசார் கல்லூரிகள் இந்தப் பணியைச் செய்கின்றன. கல்லூரி அல்லாத, அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட விசேட பயிற்சியில் இருப்பவர்களுக்கு அந்தப் பயிற்சியே இந்தத் தேவையை நிறைவேற்றிவிடும். பகுதிநேரமாக வேலை செய்பவர்களுக்கு மணித்தியாலம் குறைவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் நோயாளரைப் பார்த்தாலும் 50தான். இது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் அந்த இரண்டு நாளில் வரும் நோயாளருக்கும் முழுத் திறமையுள்ள வைத்தியரே வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் திகதிகள். கற்றல் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்கும் கடைசி நாளோ செப்டெம்பர் 30. ஆகவே புதுப்பிக்கும்போது நீங்கள் உறுதியளிப்பது, ஏற்கெனவே முடிந்துபோன முந்தைய ஆண்டின் கணக்குக்கு. செப்டெம்பரில் அவசரமாக நாலு உரைகளைக் கேட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. விண்ணப்பிக்கும்போது ஆவணங்களை அனுப்பச் சொல்வதில்லை, வாக்குறுதிதான் கேட்கிறார்கள். பின்னர் தணிக்கைக்கு எவரையும் தெரிவு செய்யலாம் என்பதால், பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் பதிவில் கட்டுப்பாடு விதிக்கவோ புதுப்பிக்க மறுக்கவோ சபைக்கு அதிகாரம் உண்டு. பதிவில் விதித்த நிபந்தனைகள் இணையத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் தெரியும். நோயாளரும் அதைப் பார்க்கலாம்.

பிள்ளைப்பேறு, கடும் நோய், குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க வேண்டிய நிலை போன்ற காரணங்களால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலையிலிருந்து விலகியிருந்தவர்கள் விலக்குக் கோரலாம். அந்தக் கோரிக்கையைத் தாம் சேர்ந்துள்ள சிபிடி ஹோமிடமே முன்வைக்க வேண்டும். பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்து நீண்ட காலம் தங்க நேர்ந்தால், திரும்பிப் போகும்வரை காத்திராமல் இங்கிருந்தே அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.