இண்டிகேட்டர்: குறியீடா, குறிகாட்டியா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தாம் மொழிபெயர்த்த தாளை நீட்டினார். நீடித்த மேம்பாட்டில் தான் எட்டிய முன்னேற்றம் குறித்து மலேசியா 2017-இலும் 2021-இலும் ஐ.நா.வில் வைத்த தன்னார்வ மீளாய்வு அறிக்கைகளைப் பற்றியது. ‘நாட்டின் குறியீடுகள் உலக மன்றத்தில் வெளியிடப்பட்டன’ என்றது ஒரு வரி. ஏதோ உளவுச் செய்தி கசிந்துவிட்டது போலிருந்தது. மூலத்தில் இருந்த சொல் இண்டிகேட்டர்.

குறியீடு என்றதும் அஞ்சல் குறியீடும் கணினிக் குறியீடும்தான் நினைவுக்கு வரும். விலைவாசிக் குறியீட்டெண் வேறு, அது பல விலைகளைப் பிழிந்தெடுத்த ஒற்றை எண்.

இண்டிகேட்டரின் வேர் இலத்தீன். சுட்டிக்காட்டுதல் என்பது பொருள். சுட்டுவிரலுக்கும் அங்கே இண்டெக்ஸ் என்றே பெயர். மலாயிலும் அப்படித்தான்: இண்டிகேட்டர் பெனுன்ஜுக், சுட்டுவிரல் தெலுன்ஜுக். நேராகச் ‘சுட்டி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைக் கணினி எலியும் வீட்டுக் குறும்புப் பிள்ளையும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆகவே குறிகாட்டி. நாள்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி இருக்கும் குடும்பத்தில் இது புதுமுகம் அல்ல. எனக்குப் பிடித்த உறவினர் ரயில் பாதையோரக் கைகாட்டி. கை இறங்கினால் ரயில் வருகிறது என்று பொருள்; கைகாட்டியே ரயில் ஆகாது.

2015-இல் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் ஏற்ற நீடித்த மேம்பாட்டுத் திட்டத்திலும் இதே கதைதான். மூன்றாவது குறிக்கோள் நல்வாழ்வு. அதன் கீழ் இலக்கு 3.1: உயிருடன் பிறக்கும் 100,000 குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பை, உலக அளவில், 2030-க்குள் 70-க்குக் கீழே கொண்டுவருவது. குறிகாட்டி 3.1.1 அந்த இறப்பு விகிதம். விகிதம் இறங்கினால் தாய்மார் பிழைக்கிறார்கள் என்று தெரியும். மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

ஆங்கிலத்தின் கோல், டார்கெட் இரண்டையும் நம் செய்திகள் ‘இலக்கு’ என்றே எழுதுவதால், 17 இலக்குகளுக்கு 169 இலக்குகள் என்று வாசகர் திணறுகிறார். முதலாவதைக் குறிக்கோள் என்றும் இரண்டாவதை இலக்கு என்றும் பிரித்தால் போதும். ஆனால் ‘நீடித்த மேம்பாட்டு இலக்குகள்’ என்று திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் ஊறிவிட்டது. இனி மாற்றுவது கடினம்.

ஆசிரியை பேனாவை எடுத்துத் திருத்தினார். பக்கத்தில் இருந்த குறிக்கோளின் தோஷமோ என்னவோ, ‘குறிக்காட்டி’ என்று எழுதிவிட்டார். குறியைக் காட்டுவது குறிகாட்டி. வழிகாட்டியில் மிகாத ஒற்று இதிலும் மிகாது. தேநீர் ஆறுவதற்குள் அந்த ‘க்’கையும் அடித்துவிட்டோம்.