டீசல் ஜெல்லிங்: தமிழில் 'மெழுகு திரளல்'

கார்கில், திராஸ் பக்கம் குளிர்காலத்தில் இரவு நிறுத்திய லாரி காலையில் கிளம்பவில்லை என்றால், அங்குள்ளவர்கள் இந்தியில் 'டீசல் ஜம் கயா' என்பார்கள். நம் காதில் அது 'ஜாம்' போல விழும். ஆனால் அது இந்தியின் 'ஜம்னா' என்ற வினை. தயிர் உறைவதற்கும் தண்ணீர் பனிக்கட்டி ஆவதற்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சொல் 'ஜெல்லிங்', 'ஜெல் ஆயிடுச்சு'.

ஜெல் என்பதன் வேர் லத்தீன். 'கெலு' என்றால் உறைபனி, 'கெலாரே' என்றால் உறைதல். அந்த வேரிலிருந்துதான் ஜெலட்டின், ஜெல்லி, இத்தாலியரின் ஜெலாட்டோ எல்லாம் கிளைத்தன. ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிரஹாம் 1861-ல், நுண்துகள்கள் வேறொரு பொருளுக்குள் பரவிக் கிடக்கும் கலவைக்குக் கொலாய்டு என்ற பெயரைத் தந்தார். அதே பத்தாண்டில், ஜெலட்டின் என்ற சொல்லின் முன்பாதியை வெட்டியெடுத்து 'ஜெல்' என்பதையும் வேதியியலுக்குள் கொண்டுவந்தார். திடப்பொருள் வலைபோலப் பின்னிக்கொண்டு திரவத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் நிலைக்கு அந்தப் பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கூழ்மம் என்பது பாடநூல்களில் கொலாய்டுக்குப் போய்விட்டது. களி என்றால் கேழ்வரகும் திருவாதிரையும் நினைவுக்கு வரும். எல்லார் வாயிலும் இருப்பது 'உறைதல்'. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, பால் உறைகிறது, ரத்தம் உறைகிறது. லத்தீன் வேருக்கும் இதே பொருள்தான். பேச்சுக்கு இது அருமையான சொல், 'டீசல் உறைஞ்சுபோச்சு' என்றால் யாருக்கும் புரியும்.

ஆனாலும் கலைச்சொல்லாக அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டீசல் முழுவதும் பனிக்கட்டி ஆகிவிட்டது என்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் உறைவது டீசலில் கரைந்திருக்கும் பாரஃபின் மெழுகு மட்டும். குளிர் ஏற ஏற அது மெல்லிய தகடு தகடாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. மிச்சமெல்லாம் திரவம்தான், அந்த வலைக்குள் சிக்கிக் கிடக்கிறது. தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதனால் 'மெழுகு திரளல்' என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். 'மெழுகுறைவு' என்று சுருக்கிப் பார்த்தேன், மெழுகு குறைவு என்று படித்துவிடுவார்கள்.

இந்தத் திரளலுக்கு மூன்று படிகள் உண்டு. தெளிவாக இருந்த டீசல் முதலில் பால் கலந்ததுபோல் மங்கும், அது கலங்கு நிலை. அடுத்து, மெழுகு ஃபில்டரை அடைத்துவிடும், அது அடைப்பு நிலை. கடைசியில் பாத்திரத்தைச் சாய்த்தாலும் டீசல் நகராது, அது ஓட்டம் நிற்கும் நிலை. லாரிக்காரருக்கு முக்கியம் நடுவில் உள்ளது. டாங்கியில் டீசல் தளும்பிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் அடைத்து வண்டி நின்றுவிடும். இதைச் சோதனைக் கூடத்தில் அளப்பதும் எளிய வழியில்தான். டீசலைக் குளிரவைத்து 45 மைக்ரான் கம்பி வலை வழியே உறிஞ்சுவார்கள். 20 மில்லி ஏற எந்த வெப்பநிலையில் 60 விநாடிக்கு மேல் ஆகிறதோ, அதுவே அடைப்பு நிலை.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 1460-ன்படி சாதாரண டீசலின் அடைப்பு நிலை கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி வரை இருக்கலாம். பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கும் எண்கள் இவை! சமவெளியில் டாங்கியை நிரப்பிக்கொண்டு லடாக் ஏறும் வண்டி எங்கே மாட்டும் என்று இதிலிருந்தே தெரியும். இதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது. அது மைனஸ் 33 டிகிரி வரை ஓடும். முதலில் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து போனது.

மெழுகு என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் தடுக்கும் வழியும் விளங்கும். டீசலில் ஊற்றும் மருந்து மெழுகு பிரிவதை நிறுத்தாது, பிரியும் துகள்கள் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே டீசல் கலங்குவதற்கு முன்னால், அது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். திரண்ட பிறகு ஊற்றினால் அந்த வலைக்குள் அது சரியாகக் கலக்காது. மலை ஏறுமுன் ஃபில்டரில் தங்கிய தண்ணீரை வடித்துவிடுவதும் அவசியம், ஏனென்றால் அது நிஜமாகவே பனிக்கட்டி ஆகும். மண்ணெண்ணெய் கலப்பது பழைய பழக்கம். மெழுகு நீர்த்துப்போகும் என்பது சரிதான், ஆனால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வேண்டிய வழுவழுப்பு குறைந்து அவை தேயும். மண்ணெண்ணெயில் கந்தகமும் அதிகம். எரிபொருளில் கந்தகம் 10 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள்) இருக்க வேண்டிய பி.எஸ். 6 புகை விதி வண்டியின் புகை சுத்திகரிப்பு அமைப்பும் கெடும். நம் ஊரில் அது சட்டப்படி கலப்படமும்கூட.

திரண்டேவிட்டால், வெதுவெதுப்பான கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளி வைத்து, டாங்கியும் குழாய்களும் சூடேறும்வரை காத்திருந்து, ஃபில்டரை மாற்றுவதே பாதுகாப்பு. மெழுகு இளகினால் மறுபடி டீசலிலேயே கரைந்துவிடும். டாங்கிக்கு அடியில் நெருப்பு மூட்டும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடக்கே வண்டி ஓட்டிப் போகும் நம் அண்ணன் தம்பிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.