மதர்போர்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று திரை அப்படியே நின்றுவிடுகிறது, மவுஸ் நகரவில்லை, ஸ்பீக்கரில் மட்டும் கடைசியாக வந்த ஒரு துளி ஓசை 'டர்ர்ர்ர்' என்று ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கேட்டிருப்பீர்கள். ஒலிக்கான தரவை பிராசஸர் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) ஒரு சின்ன வட்டத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வைக்கும், சவுண்ட் சிப் அதைத் தானே போய் எடுத்து ஒலிக்கவிடும். பிராசஸர் நின்றுபோனால் நிரப்ப ஆளில்லை, சவுண்ட் சிப்புக்கோ அது தெரியாது, அதனால் பழைய துண்டையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. அந்தச் சத்தத்திலேயே ஒரு சேதி இருக்கிறது: மின்சாரம் வருகிறது, ராம் விழித்திருக்கிறது, பிராசஸர் மட்டும் எங்கோ மாட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டர் அடிக்கடி விழுகிறது, அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறது என்றால் நான் முதலில் கேட்பது, எப்படி விழுகிறது என்றுதான். நீலத் திரையில் பிழைச் செய்தி காட்டும் ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அது ஒரு வகையில் நல்ல சேதி, ஏனென்றால் தப்பு நடந்ததைக் கவனித்து எழுதிவைக்கிற அளவுக்கு விண்டோஸ் உயிரோடு இருந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று அணைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ சந்தேகம் மின்சாரப் பாதையின் பக்கம் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, எல்லா பாகங்களும் இணையும் மதர்போர்டுக்கு வரும் வயர்களில் ஒன்று, 'என்னிடமிருந்து வரும் மின்சாரம் சரியாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்காகவே இருக்கிறது. 5 வோல்ட் அதில் இருக்கும்வரை எல்லாம் ஓடும், அது விழுந்த கணத்தில் மதர்போர்டு பிராசஸரை நிறுத்திவிடும். விண்டோஸுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரம் கிடைக்காது. மறுபடி ஆன் ஆனதும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கர்னல்-பவர் 41' என்று சிவப்பில் ஒன்று தெரியும், அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள், காரணம் அதில் இல்லை.

என் பழைய கம்ப்யூட்டர் இப்படித்தான் ஆரம்பித்தது. சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை விழும். காலையில் முதல் தடவை ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை வராது, மூன்றாவது முயற்சியில் எழுந்துகொள்ளும், அப்புறம் மத்தியானம்வரை ஒரு தொல்லையும் இருக்காது. இந்தக் காலைச் சங்கதியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் சூட்டைப் பாருங்கள், சீக்கிரம் முடியும் வேலை அது. தூசியை ஊதி எடுத்து, பிராசஸர் வெப்பநிலை 100 டிகிரிக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்த்தால் போதும். கேபினட்டின் ரீசெட் பட்டன் வயரை ஒரு வாரம் கழற்றி வைத்துப் பாருங்கள், உள்ளே ஒட்டிக்கொள்ளும் பட்டன் தானாகவே ரீஸ்டார்ட் செய்துவிடும். அடுத்தது ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு. ஒரே ஒரு பிழை வந்தால்கூட அது பிழைதான், ஆனால் உடனே ராமைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு ராமையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிழை ராம் கூடவே போனால் ராம் கெட்டது. எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் தப்பு ஸ்லாட்டிலோ, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் ஒரு பின்னிலோ, ராமை ஆளும் பகுதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பிராசஸரிலோ இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் வயரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும், இது 5 சதவீத வரம்பு. ஆனால் ஆயிரத்தில் ஒரு நொடி நேரம் விழுந்து எழும் வோல்டேஜை மல்டிமீட்டர் பார்க்காது, அதனால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

மாட்டிப் பார்த்துவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது? பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான், நானும் விட்டேன். புது ராம் போட்டேன், இரண்டு நாள் விழவில்லை, சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், மூன்றாம் நாள் விழுந்தது. கணக்கு எளியது. சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் விழும் ஒரு கம்ப்யூட்டரில் எதையுமே மாற்றாமல் விட்டால்கூட, அடுத்த இரண்டு நாளும் விழாமல் ஓட 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கு நாள் ஓட 14 சதவீதம். ஆறு நாள் என்றால்தான் அது 5 சதவீதமாகக் குறைகிறது. ஆக, விழும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் விழாமல் ஓடினால் மட்டுமே நீங்கள் மாற்றிய பொருள்தான் காரணம் என்று நம்பலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

சூடு, ராம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் விடுதலை ஆகிவிட்டன. மிச்சம் மதர்போர்டு. டார்ச்சை அடித்து பிராசஸர் சாக்கெட்டுக்கும் பின்பக்க போர்ட்டுகளுக்கும் நடுவில் பார்த்தேன். வரிசையாக நிற்கும் குட்டி உருளைகளில் ஒன்றின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, பொங்கியிருந்தது. நகத்தால் தடவினால் மேடு தெரிந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்றின் உச்சியில், எக்ஸ் போலக் கீறியிருக்கும் இடத்தில், துரு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்து கிடந்தது.

அந்த உருளைகள் கப்பாசிட்டர்கள், மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைத்துத் தருபவை. எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட், பிராசஸருக்கு வேண்டியதோ கிட்டத்தட்ட 1.2 வோல்ட். 90 வாட் பிராசஸர் என்றால் 75 ஆம்பியர், ஒரு இஸ்திரிப் பெட்டி இழுப்பதைவிடப் பல மடங்கு. மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மாஸ்ஃபெட்கள் என்ற மின் சுவிட்சுகள் 12 வோல்ட்டை நொடிக்குச் சில லட்சம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்க, காயிலும் கப்பாசிட்டரும் அந்தத் துண்டுகளைச் சமப்படுத்துகின்றன. சும்மா இருக்கும் பிராசஸருக்குத் திடீரென்று வேலை வந்தால் கண் சிமிட்டுவதற்கும் மிக முன்னால் பத்து இருபது ஆம்பியர் கூடுதலாகக் கேட்கும், வெட்டிக் கொடுக்கும் சுற்று அதை உணர்ந்து ஈடுகொடுக்கும்வரை கப்பாசிட்டர்தான் தன் சேமிப்பிலிருந்து தர வேண்டும். அது நலிந்திருந்தால் வோல்டேஜ் ஒரு கணம் பள்ளத்தில் விழும், டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும், 1 என்று படிக்க வேண்டிய இடத்தில் 0 என்று படித்துவிடும். பளு நிலையாக இருக்கும்போது தாங்கிவிட்டு, பளு ஏறும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் என் கம்ப்யூட்டர் விழுந்தது அதனால்தான்.

காலைத் தொல்லைக்கும் விடை அதற்குள்ளேயே இருந்தது. இந்த வகைக் கப்பாசிட்டருக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் ஒரு திரவத்தில் ஊறிய காகிதம். சூட்டில் அந்தத் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வற்றுகிறது. 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. வற்றியதும் உள்தடை ஏறும், குளிர்ந்திருக்கும்போது இன்னும் ஏறும், அதனால் காலையில் எழ மறுக்கும், இரண்டு முயற்சியில் கொஞ்சம் சூடேறியதும் எழுந்துகொள்ளும். 2000-களின் தொடக்கத்தில் இந்தத் திரவத்தின் கலவையே தவறாகப் போய், உள்ளே வாயு உண்டாகி, உலகம் முழுக்க மதர்போர்டுகள் கொத்துக்கொத்தாகப் பொங்கின. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் திரவம் இல்லாத பாலிமர் கப்பாசிட்டர்கள்தான். கப்பாசிட்டரை மட்டும் மாற்றலாமா என்று யோசித்தேன், ஆனால் பொங்காமல் நின்ற மற்றவையும் அதே வயது, அதே சூட்டில் வெந்தவை, அதனால் போர்டையே மாற்ற முடிவு செய்தேன்.

அதே சாக்கெட், அதே தலைமுறை ராம், இந்த இரண்டும் பொருந்த வேண்டும். டிடிஆர்3 ராம் டிடிஆர்4 ஸ்லாட்டில் ஏறவே ஏறாது. புதுப் போர்டின் பயாஸ் உங்கள் பிராசஸரை ஏற்கிறதா என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்தது, கழற்றுவதற்கு முன்பே அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காது.

கழற்றும் முன் வயர்களைப் போட்டோ எடுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின், பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய, சூட்டில் இளகிய தெர்மல் பேஸ்ட் இறுகுவதற்குள் கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் சில வகைப் பிராசஸர்கள் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும். புதுப் போர்டை உடனே கேபினட்டில் பூட்டாமல் அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், திரை மட்டும் இணைத்து முதலில் எழுப்பிப் பார்த்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் சாக்கெட் அருகே போகும் 8 பின் வயரை மறந்திருக்கக்கூடும். கேபினட்டில் பூட்டும்போது போர்டைத் தூக்கி நிறுத்தும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை எண்ணுங்கள், போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால்கூட அது போர்டின் அடியில் ஷார்ட் செய்யலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் மாறுகிறது என்றால் பழையதன் கழற்றி மாட்டும் வயர்களைப் புதியதில் செருகாதீர்கள், முனை பொருந்தினாலும் உள்ளே வரிசை வேறாக இருக்கலாம், டிஸ்க் கருகிவிடலாம்.

புதுப் போர்டு முதல் காலையிலேயே ஒரே அழுத்தத்தில் எழுந்தது. இருந்தாலும் கேபினட்டின் பக்கவாட்டு மூடியை அப்படியே சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஆறு நாள் ஆகட்டும் என்று. ஏழாம் நாள் காலையில்தான் ஸ்க்ரூ போட்டேன்.